பழைய கோப்புகளுக்குப் பொருந்தாது

ஆகஸ்ட் 8, வியாழன்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டீச்சரிடமோ அம்மாவிடமோ காட்டவேண்டாம். என் அக்காவிடம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காட்டிவிடாதீர்கள். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்திலிருந்து திறந்தால் இது பிசிக்ஸ் ரெக்கார்டு. பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. இரவில் எரியவிடக்கூடிய விளக்கு குளியலறை விளக்கு மட்டும்தான். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சம்யுக்தா. பதினொன்றாம் வகுப்பு. ஈரோடு, சூரம்பட்டி. அப்பா இல்லை. அம்மா ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டு சேலை பிரித்துக் காட்டுகிறாள். அக்கா கோகிலவாணி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தியாகு சார் என்பவரின் சின்னக் கம்பெனியில் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்ப்பாள். ஆஸ்பத்திரிகளின் காகிதங்களையெல்லாம் கிளவுடில் பத்திரமாக வைப்பதுதான் அந்த வேலை. கிளவுட் என்றால் மேலே ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு ஊரில் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, அவற்றில் வாடகைக்கு எடுத்த இடம், அவ்வளவுதான்.

இன்று தண்ணீர்க் குழாயடியில் பவதாரணி என்னைத் தனியாக இழுத்துப் போனாள். பவதாரணி என் பெஞ்ச்.

"எங்கப்பாவுக்கு ரத்தத்துல ஏதோ வைரஸ் வந்துருக்குதாம். ஈரலைத் தின்னுமாம். யாருகிட்டயும் சொல்லீராத சம்யு."

"எப்புடி வந்துச்சு?"

"டயாலிசிஸ் பண்ற எடத்துலதான்னு அம்மா சொல்லுது. ஒருத்தருக்குப் போட்ட மெஷினைக் கழுவாம இன்னொருத்தருக்குப் போட்டுருக்காங்களாம். இன்னும் அஞ்சு பேருக்கு வந்துருக்குது. ஒரு அம்மா செத்தே போச்சு."

எந்த இடம் என்று கேட்டேன். சொன்னாள். அந்த சென்டரின் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் அக்கா. நான் பவாவிடம் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். அவள் லேப்டாப்பை மூடினாள். "அந்தப் பேரை இனிமே வாயில எடுக்காத. ஸ்கூல்ல, வீட்ல, எங்கயும்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கெமிஸ்ட்ரி டெஸ்ட். மாவு தீர்ந்துவிட்டது. அக்கா சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

தியாகு சார் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன் ஒரே ஒரு முறை வந்திருக்கிறார், அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது. அன்று அவளுடைய பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போனார். வேலையில் இருக்கும்வரை கம்பெனியில் இருக்கும், எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்றார். மூன்று வருடம் ஆகிறது.

நான் டீ கொடுத்தேன். "அம்மிணி என்ன படிக்குது?" என்று கேட்டார்.

"லெவன்த்துங்க சார். கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"அக்காவாட்ட வந்துரோணும்" என்று சிரித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "கோகிலா, சென்டருக்கு இன்ஸ்பெக்ஷன் வரும் போல இருக்குது. மச்சான் பயந்துக்கறாப்ல. ஒண்ணுமில்ல, பேஷண்ட் டேட்டா எல்லாம் சேஃபா இருக்கோணும். புதுசா ஒரு கீ போட்டு டீஃபால்ட் என்கிரிப்ஷன் ஆன் பண்ணிரு. இன்னைக்கே."

அந்த சென்டரின் டாக்டர் தியாகு சாருக்கு மச்சான் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"ஏற்கெனவே அவங்க பூட்டு ஒண்ணு இருக்குதுங்க சார். கிளவுட்காரங்களே போட்டது."

"அது ஊருக்கெல்லாம் பொதுப் பூட்டு. நம்ம கையில சாவி இருக்கோணும்ல?"

அவர் போன பிறகு அக்கா அந்த வேலையைச் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கே நான்கு சொடுக்குகள். ஒரு புதுச் சாவி உருவாக்க வேண்டும். சேமிப்பிடத்தின் அமைப்புக்குள் போய், இனிமேல் உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் இந்தச் சாவியால் பூட்டிவிடு என்று சொல்லி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கோப்பு வந்ததும் அந்தக் கம்ப்யூட்டரே பூட்டும். உரிமையுள்ளவர் கேட்டால் அதுவே திறந்து கொடுக்கும். சாவி மட்டும் வேறொரு இடத்தில் இருக்கும்.

"சாவி தொலைஞ்சு போனா?" என்று கேட்டேன்.

"தொலையாது. நாமளா தொலைச்சாத்தான் உண்டு" என்றாள் அக்கா. பிறகு வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பவாவின் அப்பா விஷயம் இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மாவும் அக்காவும் காலை ஒன்பது மணி பஸ்ஸில் காங்கேயம் போனார்கள், குலதெய்வக் கோயிலுக்கு. ஆடி ஞாயிறு. நான் போகக்கூடாத மூன்று நாளில் இன்று இரண்டாம் நாள். வீட்டில் தனியாக இருந்தேன்.

பத்தரைக்கு லேப்டாப்பில் தியாகு சாரின் செய்தி வந்தது. "எல்லாம் லாக் ஆயிருச்சா? ஏதாவது ஒரு ஃபைல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு." அக்கா கிளம்பும்வரை வேலை பார்த்துவிட்டுத் திறந்தபடியே வைத்துப் போயிருந்தாள். அவளுக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கோயில் பக்கம் டவர் இருக்காது.

நான் ஒரு கோப்பைத் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், பவாவின் அப்பா பெயரைப் போட்டுத்தான் தேடினேன். சென்னியப்பன், வயது 54. ஜூன் மாதத்து மெஷின் பட்டியல் வந்தது. அதன் விவரத்தில் பழைய பூட்டுதான் இருந்தது, புதுச் சாவி இல்லை. இன்னும் நான்கைந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே. நேற்று மாலைக்குப் பிறகு வந்தவற்றில் மட்டும் புதுச் சாவி. அக்கா போட்ட அமைப்பு புதிதாக வருபவற்றுக்குத்தான். பழைய கோப்புகளுக்குப் பொருந்தாது.

அக்கா மறந்துவிட்டாள், தியாகு சார் பார்த்தால் திட்டுவார். அவளுடைய வேலை நோட்டைப் புரட்டினேன். அவள் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு கட்டம் போட்டு, முடித்ததும் டிக் அடிப்பாள். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள். புதுச் சாவி, டிக். டீஃபால்ட், டிக். மூன்றாவது, பழைய கோப்புகள் ஒவ்வொன்றையும் அதன் மேலேயே நகலெடுப்பது. அப்படிச் செய்தால் அவை மறுபடி உள்ளே வருகிற மாதிரி ஆகி, புதுச் சாவி விழும். கட்டளை முழுதாக எழுதியிருந்தது. டிக் இல்லை. பேனாவை அழுத்தி வைத்த புள்ளி மட்டும் இருந்தது.

நான் அதைத் தட்டச்சு செய்தேன். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கோப்புகள். பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்தது. நடுவில் துணி துவைத்துக் காயப்போட்டேன். முடிந்ததும் படம் எடுத்து தியாகு சாருக்கு அனுப்பினேன், அக்கா எழுதுவது போலவே, "முடிஞ்சதுங்க சார்" என்று. அவர் கட்டை விரல் போட்டார். அந்த இரண்டு செய்திகளையும் பிறகு அழித்துவிட்டேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று பவா அப்பாவின் கோப்பை ஒரு முறை திறந்து பார்த்தேன். திறந்தது. நான்காம் எண் மெஷின். காலை ஏழு மணிக்கு வேறொருவர் பெயர், அதற்கு நேரே சிவப்பில் பாசிட்டிவ். பதினொன்றரைக்குச் சென்னியப்பன், நெகட்டிவ். பத்துத் தேதிகளுக்கு அப்படியே. பதினோராவது தேதியில் அவருக்கு நேரேயும் சிவப்பு. மூடிவிட்டேன்.

அக்கா பிரசாதத்தோடு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பார்க்கும்போது அவளே கண்டுபிடிக்கட்டும் என்று அந்தக் கட்டத்தில் சின்னதாக டிக் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வகுப்பில் விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. மதியம் பவா டிபன் பாக்ஸைத் திறந்ததும் கனிஷ்கா தன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோவிச்சுக்காத பவா. எங்கம்மாதான் சொல்லுச்சு, தள்ளி உக்காருன்னு."

"சோத்துல வராதுடி" என்றேன்.

"நீ வேணா அவ தட்டுலயே சாப்பிடேன், யாரு வேண்டாங்கறா."

நான் பவாவின் பொரியலை எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கை நீட்டாததைப் பவா பார்த்திருப்பாள்.

இன்று அவள் அம்மா கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் போய் மனு கொடுத்தார்களாம், மற்ற குடும்பங்களோடு. இருபத்திரண்டாம் தேதி அதிகாரிகள் சென்டருக்கு வந்து ரெக்கார்டு எல்லாம் பார்ப்பார்களாம். "மெஷின் லிஸ்ட்டு கெடைச்சாப் போதும் சம்யு. அதுல எல்லாம் இருக்கும்" என்றாள் பவா.

இருக்கிறது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முழுதாக எழுதிவிட வேண்டும்.

பள்ளி விட்டு வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

"ஒரு விஷயம் சொல்றேன். செத்தாலும் வெளிய சொல்லக்கூடாது" என்றாள்.

தியாகு சார் மதியம் கூப்பிட்டாராம். அந்தப் புதுச் சாவியை அழித்துவிடு என்றாராம்.

"எதுக்குக்கா? அழிச்சா ஃபைல் திறக்காதே."

"அதுக்குத்தான். ஃபைலை அழிச்சா யாரு அழிச்சான்னு கேப்பாங்க. சாவியை அழிச்சா ஃபைல் எல்லாம் அப்புடியே இருக்கும், எண்ணிப் பாத்தாலும் சரியா இருக்கும். ஆனா ஒலகத்துல யாராலயும் திறக்க முடியாது. டெக்னிக்கல் பிராப்ளம், அந்தப் புள்ள கைதவறிப் பண்ணிருச்சுன்னு சொல்லிருவாங்க. அந்தப் புள்ள நான்."

"நீ பண்ணிட்டயா?"

"பண்ணிட்டேன். உடனே அழியாது. கொறைஞ்சது ஏழு நாள் காத்திருக்கோணும்னு அந்த சிஸ்டத்துலயே இருக்குது. இருவதாம் தேதி சாயந்தரம் மூணு நாப்பதுக்குப் போயிரும். அதுவரைக்கும் அந்தச் சாவியால பூட்டுனது எதுவும் திறக்காது. நடுவுல நிறுத்தலாம். அதுக்கப்புறம் சாமி வந்தாலும் முடியாது."

அக்கா சிரித்தாள். எனக்கு அவள் மீது கோபம் வந்தது. எப்படி முடிந்தது உன்னால் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"லூசு, பயப்படாத. டீஃபால்ட்டுன்னா எல்லாத்துக்கும்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாரு அவரு. சனிக்கிழமையில இருந்து வந்த ஃபைல்தான் அந்தச் சாவியில இருக்குது. பழசு எதையும் நான் தொடல. மூணாவது வேலையை எழுதிட்டு விட்டுட்டேன். ஜூன், மே எல்லாம் பழைய பூட்டுலயே பத்திரமா இருக்குது. இன்ஸ்பெக்ஷன்ல கேட்டா தன்னால திறக்கும். நான் சாரு சொன்னதையும் செஞ்ச மாதிரி, தப்பும் செய்யல."

கடலைத் தோல் மடியிலிருந்து கொட்டியது. நான் குனிந்து பொறுக்கினேன். வெகு நேரம் பொறுக்கினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சொல்லவில்லை. வேலை நோட்டில் நான் போட்ட டிக்கை ரப்பரால் அழித்தேன். பேனா மை. காகிதம் கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பவாவுக்குக் கொடுக்கும்போது கனிஷ்கா அவள் கையில் படாமல் மேலேயிருந்து போட்டாள்.

அக்காவிடம் சொல்ல இரண்டு முறை போனேன். முதல் முறை, தண்ணீர் பிடித்து வைக்கவா என்று கேட்டேன். இரண்டாவது முறை, சட்னி அரைக்கவா என்று கேட்டேன். அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். அவள் பாடிப் பல மாதம் ஆகிறது.

நாளை சொல்வேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் சென்டரிலிருந்து ரிசப்ஷன் பெண் அக்காவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்தது. "மேடம், ஒரு பேஷண்டோட ஜூன் மாச ரிப்போர்ட் வேணும், திறக்கவே மாட்டேங்குது." அக்கா, நெட் மெதுவாக இருக்கும் என்றாள். ஒன்றைத் திறந்து பார்த்தாள். இன்னொன்றைத் திறந்தாள். பிறகு அமைப்புகளுக்குள் போனாள். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அங்கே வரிவரியாகப் பதிவாகுமாம். எனக்கு அது தெரியாது.

"ஞாயித்துக்கிழமை பதினொண்ணு இருவது" என்று படித்தாள். "நான் காங்கேயத்துல இருந்தேன்."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எத்தனை?"

"எல்லாம்" என்றேன். "நீ மறந்துட்டன்னு நெனைச்சேன். திட்டு வாங்குவன்னு."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். குக்கர் மூன்று விசில் அடித்து, நான்காவதும் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நிறுத்திரலாம்க்கா. இன்னும் நாலு நாள் இருக்குதல்ல. நீதானே சொன்ன, நடுவுல நிறுத்தலாம்னு."

"நிறுத்துனா அடுத்த நிமிஷம் அவருக்கு மெயில் போகும். அலாரம் வெச்சிருக்கறாரு. என்ற பேருல போகும்."

"போகட்டும்."

"போகட்டுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "என்ற சர்டிஃபிகேட் அத்தனையும் அவர் பீரோவுல இருக்குது. நாப்பத்தோராயிரம் வரியிலயும் என்ற பேருதான் இருக்குது. போலீஸ்ல குடுத்தா மாட்டறது யாரு, டாக்டரா? நீ ஸ்கூலுக்குப் போயிருவ. அம்மா எந்தக் கடையில நிக்கும்?"

"பழசையெல்லாம் காப்பாத்தறதுக்குத்தான நீ தொடாம விட்ட?"

"தொடாம விட்டது வேற சம்யு. போய் நிறுத்தறது வேற." பிறகு சொன்னாள், "விட்ரு. செவ்வாக்கெழமை மூணு நாப்பதோட முடியட்டும். நீ பண்ணலைன்னாலும் அவரு எப்பிடியும் கண்டுபிடிச்சிருப்பாரு."

அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்மாவிடம் நான்தான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஒன்றும் இல்லை. மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பவா வீட்டுக்குப் போனேன். கெமிஸ்ட்ரி நோட்டு வாங்க என்று சொல்லிக்கொண்டு போனேன். நோட்டு என் பையிலேயே இருந்தது.

அவள் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். டவுன் பஸ் ஓட்டியவர். கண் மஞ்சளாக இருந்தது, கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"வா அம்மிணி. உக்காரு, பக்கத்துல வேண்டாம், அந்தச் சேர்ல உக்காரு. சூரம்பட்டி ஸ்டாப்புல நீ கை காட்டி நான் நிறுத்தாமப் போயிருக்கறேன், தெரியுமா?"

"தெரியும்ங்க மாமா. ரெண்டு தடவை."

"மூணு தடவை" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

பவாவின் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. தம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் பவா சொன்னாள். சென்டரில் எல்லாக் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசினார்களாம். மற்றவர்களுக்கு வேறு ஏதோ சொன்னார்களாம். அவள் அம்மாவிடம் மட்டும், "உங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர், ராத்திரி எங்கெங்க தங்குனாரோ, அவருகிட்டயே கேளுங்க" என்றார்களாம்.

"அம்மா ரெண்டு நாளா அப்பாகிட்டப் பேசறதில்ல. தட்டைத் தள்ளி வெக்குது. அப்பா சாமி போட்டோ மேல கை வெச்சு சத்தியம் பண்ணுச்சு. அம்மா திரும்பிக்கிச்சு." பவா அழவில்லை. "இருவத்திரண்டாந்தேதி அந்த லிஸ்ட்டு வந்துருமல்ல? அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சுரும். அப்பா அதுக்குத்தான் இருக்கறேன்னு சொல்லுது. வேற எதுக்குமில்லயாம்."

வரும் என்றேன். என் வாயால் சொன்னேன்.

திரும்பி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அவள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். "தூங்கு" என்றாள். மணி ஐந்துதான் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

பவா பள்ளிக்கு வரவில்லை. நாளை மாலை மூன்று நாற்பதுக்கு நான் மேத்ஸ் பீரியடில் இருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கும், போர்டை அழிப்பார்கள், எல்லாம் போயிருக்கும். யாருக்கும் சத்தம்கூடக் கேட்காது.

இன்று அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கேட்டபோது, "தலைவலி, மாத்திரை போட்டுக்கிட்டேன், எழுப்பாதீங்க" என்றாள். அவள் எப்போதும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுப்பாள். இன்று மேசைமேல் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். லேப்டாப்பும் மூடவில்லை. மாத்திரை மயக்கத்தில் மறந்திருப்பாள். நல்ல நேரம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்கு வந்துவிட்டேன். லேப்டாப் கவிழ்த்த பக்கெட்டின் மேல் இருக்கிறது. நான் தரையில். பாவாடை நனைந்துவிட்டது.

மணி பத்து இருபது. உள்ளே போக ஆறு இலக்க எண் கேட்டது. போனில் வந்தது. போட்டேன். சாவியின் பக்கம் திறந்தது. "அழிக்கப்படக் காத்திருக்கிறது, ஆகஸ்ட் 20, 15:40." பக்கத்தில் ரத்து என்ற பொத்தான்.

எழுதிக்கொண்டே யோசிக்கிறேன். யோசிக்கத்தான் எழுதுகிறேன். நிறுத்தினால் தியாகு சார் மறுபடி அழிக்கச் சொல்வார். ஆனால் மறுபடி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அது இருபத்தேழுக்குப் போய்விடும். சாவி இருந்தால் இருபத்திரண்டில் மறுபடி நிறுத்திக் கோப்புகளைத் திறக்கலாம். அக்காவின் சான்றிதழ் வராது. அக்காவைப் பிடித்துக்கொண்டு போகலாம். நான் செய்தேன் என்று சொன்னால் என்னை நம்புவார்களா? பதினாறு வயதுப் பெண் நாற்பத்தோராயிரம் கோப்பைப் பூட்டினாள் என்றால் சிரிப்பார்கள். அம்மாவின் கால் நரம்பு சுருண்டு நீலமாக இருக்கிறது. அவள் தூங்கும்போதுதான் தெரியும்.

நான் நல்லது என்று நினைத்து ஒன்று செய்தேன். இதையும் நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறேன். எனக்கு இப்போது எது நல்லது என்று தெரியவில்லை.

பத்து முப்பத்தைந்து. அழுத்திவிட்டேன்.

திறக்கவில்லை. ஜூன் மாதப் பட்டியல் திறக்கவில்லை. சாவியின் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அழிப்பது நின்றிருக்கிறது, ஆனால் சாவி முடக்கத்தில் இருக்கிறது. அதைத் தனியாக எழுப்ப வேண்டும். இன்னொரு பொத்தான். அதையும் அழுத்தினேன்.

திறந்தது. நான்காம் எண் மெஷின். சிவப்பு வரி, அதற்குக் கீழே சென்னியப்பன். பத்து முறை நெகட்டிவ்.

போன் அடிக்கிறது. என் மடியில் அடிக்கிறது. தியாகு சார். நான் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடிக்கிறது.

கதவுக்கு வெளியே அக்கா. மாத்திரை போட்டவள் எப்படி எழுந்தாள்? "போனைக் குடு" என்றாள், கிசுகிசுவென்று. கதவை இத்தனூண்டு திறந்து கொடுத்தேன். லேப்டாப்பைக் கேட்கவில்லை. கதவை அவளே சாத்தினாள்.

கேட்கிறது. கேட்பதை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லுங்க சார்... ஆமாங்க, பாத்தேனுங்க... ஆமா, நாந்தான்... இல்லீங்க சார், கைதவறல. தெரிஞ்சுதான் பண்ணுனேன்... ஞாயித்துக்கிழமையும் நாந்தான் பண்ணுனேன், இப்பவும் நாந்தான். எல்லாத்துலயும் என்ற பேருதானுங்களே இருக்குது... வெச்சுக்கோங்க சார். சர்டிஃபிகேட்டை நீங்களே வெச்சுக்கோங்க... அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ சின்னப் புள்ள, தூங்கறா... வாங்க. வந்து பேசுங்க."

பிறகு சத்தம் இல்லை. அவள் குளியலறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கதவு அவள் எடையில் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. நானும் இந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"சம்யு" என்கிறாள். "ஜூன், மே ரெண்டையும் இறக்கிப் பென் டிரைவுல போட்டுக்க. பவா அம்மாவுக்கு நாளைக்குக் காலையில குடுத்துரு. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால."

பென் டிரைவைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறாள். போட்டுக்கொண்டிருக்கிறேன். அறுபது சதவீதம். அறுபத்து நான்கு.

தெருவில் வண்டிச் சத்தம். எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அம்மா, "இந்நேரத்துல யாரு?" என்கிறாள். "நான் பாக்கறேன், நீ படும்மா" என்று அக்கா எழுந்திருக்கிறாள். கதவிலிருந்து அவள் எடை போய்விட்டது.

தொண்ணூற்று ஒன்று.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். அக்கா தனியாகப் போகிறாள். எழுதியது போதும். நானும்